சூடமா சுருட்டா

1

எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் என் மாமனார் ஊரான அகரத்துக்காரர்கள் கேட்ட கேள்விகள் மொத்தம் இரண்டு. பையன் குடிப்பானா? பெட்ரோல் பங்கில் மாதச் சம்பளமா, தினக்கூலியா? அவ்வளவுதான், பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். இந்த நாட்டில் பெட்ரோல் விற்க லைசென்ஸ் கேட்டால் ஒரு பாரத்தைக் கொடுத்துப் பத்தொன்பது கேள்வி கேட்கிறார்கள். தரைக்கடியில் தொட்டி எத்தனை அடி ஆழம், அதன் மூச்சுக்குழாய் எத்தனை அடி உயரம், பக்கத்து வீட்டுச் சுவர் செங்கல்லா மரமா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நீண்டுகொண்டே போகிறது. என் மாமனார் இந்தப் பாரத்தைப் பார்த்திருந்தால் எனக்குப் பெண்ணே கிடைத்திருக்காது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் ஊருக்கு நான் வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம் முடிகிறது. முதல் இரண்டு வருடம் நூல் மில். பிறகு எட்டு வருடமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவருடைய பெட்ரோல் பங்கில் வேலை. கிழவருக்கு முழங்கால் போய்விட்டது. பங்கை எனக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு கடற்கரைப் பக்கம் போய் உட்காரப்போகிறேன் என்றார். அதற்கு நகரசபை என் பேரில் லைசென்ஸ் தர வேண்டும். தந்தால் நான் முதலாளி. தராவிட்டால் நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் மில்லுக்குப் போய்ப் பஞ்சை மூக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பாரத்தை நிரப்பியது என் மகள் செல்வி. பன்னிரண்டு வயது. ஐந்து வயதில் இங்கே வரும்போது மூன்று எழுத்து தமிழ் எழுதத் தெரிந்திருந்தது, இப்போது அதுவும் இல்லை. வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் எனக்கும் ‘நீ’, அவள் அம்மாவுக்கும் ‘நீ’, நாய்க்கும் ‘நீ’. இங்கே எல்லோருக்கும் ஒரே சொல்தானாம். முதலில் கோபம் வந்தது. பிறகு நாய்க்குச் சமமாகவாவது வைத்திருக்கிறாளே என்று விட்டுவிட்டேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக்கொண்டே வந்தாள். பதினான்காவது கேள்வி இது: பெட்ரோல் சம்பந்தப்பட்ட தீ விபத்து எதிலாவது நீங்கள் உடனிருந்ததுண்டா? உண்டென்றால் அதன் காரணம் என்ன?

“டாட், இதுக்கு ‘இல்லை’ தானே?” என்று பேனாவைத் தாளில் வைத்தே விட்டாள்.

“பொறு” என்றேன்.

அடுப்பில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த என் மனைவி புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். “இல்லைன்னு போடச் சொல்லுங்க. பத்து வருசத்துக்கு முன்னால திண்டுக்கல்லுல நடந்தது இவுங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?” என்றாள். நியாயமான பேச்சுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ‘காரணம் என்ன’ என்று கேட்டிருந்தார்களே, அந்த இடத்தைத்தான் தாண்ட முடியவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு தடவை ஏற்கனவே பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான்.

2

நான் இங்கிருந்து எழுதும் இந்தக் குறிப்பை ஊரில் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்குப் பெட்ரோலைப் பற்றிச் செத்த நேரம் சொல்கிறேன். இருபது வருடம் அதன் வாசனையிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அந்த உரிமை எனக்கு உண்டு.

பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து கிளம்புகிற ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து, தாழ்வான இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொள்ளும். நெருப்பு பத்தடி தள்ளித்தானே இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். அது அங்கே போய் நெருப்பை அழைத்துக்கொண்டு வரும். ஆகையால் பெட்ரோல் போடும்போது எஞ்சினை அணைக்க வேண்டும், பீடி சுருட்டு கூடாது, விளக்கைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பக் கூடாது. வெயிலில் பெட்ரோல் உப்பும், அதற்கு இடம் விட வேண்டும். சிந்தியதைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிவிடலாம்.

பழனி ரோட்டில் நான் வேலை பார்த்த பங்கில் இதையெல்லாம் எழுதிய பலகை ஒன்று தொங்கியது. இங்கிலீஷில் இருந்ததால் யார் மனதும் புண்படவில்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தீக்குச்சியைக் கிழித்து எட்டிப் பார்க்கிற டிரைவர்களை நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். பட்டுச் சேலையில் எண்ணெய்க் கறை என்று மைப் புட்டியோடு வந்து ஒரு அவுன்ஸ் பெட்ரோல் வாங்கிப்போய், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து துடைக்கிற வீடுகள் ஊரில் ஏராளம். பெட்ரோல் கொஞ்சம் இரக்கமுள்ள சாமான், இல்லாவிட்டால் திண்டுக்கல்லில் கோட்டையைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது.

தீயணைக்க சிவப்புப் பெயின்ட் அடித்த இரண்டு மணல் வாளி உண்டு. வாளி ஏற்கனவே சிவப்பாக இருந்ததால் அதில் வெற்றிலை எச்சில் துப்புவது குற்றமில்லை என்று ஊரார் முடிவு கட்டியிருந்தார்கள். முதலாளியே துப்புவார்.

அங்கே பம்பு என்பது ஆளுயரத் தூண். உச்சியில் கண்ணாடி உருளை. ஒருவர் கைப்பிடியை அடித்து பெட்ரோலைக் கண்ணாடிக்கு ஏற்றுவார். இன்னொருவர் ரப்பர்க் குழாயை வண்டியின் டேங்கில் விட்டுத் திறப்பார். கைப்பிடி அடித்தவர் சூசை அண்ணன். குழாய் பிடித்தவன் நான்.

சூசை அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவர். வாயில் எப்போதும் ஒரு சுருட்டு இருக்கும். திண்டுக்கல்லில் அது அதிசயமில்லை. ஆனால் அந்தச் சுருட்டில் நெருப்பு இருக்காது. காலையில் வாயில் வைத்தால் சாயங்காலம் வேலை முடிந்து, ரோட்டைத் தாண்டி, புளிய மரத்தடிக்குப் போன பிறகுதான் பற்றவைப்பார். “பத்த வைக்கிற வரைக்கும் இது சுருட்டு இல்லலே, வெறும் எலைதான்” என்பார். அவருடைய மனைவி ஞானம்மா மதினிக்கு அந்த இலையைக் கண்டாலே ஆகாது. சுருட்டை விடச் சொல்லி தினமும் சண்டை. சண்டையை எங்களுக்கு நடித்துக் காட்டிவிட்டுத்தான் அண்ணன் கைப்பிடியில் கை வைப்பார்.

3

அன்று வெள்ளிக்கிழமை. பத்து மணி தாண்டியிருக்கும். ஒட்டன்சத்திரத்து வெங்காய மண்டிக்காரர் ஒருவர் புத்தம்புதுக் காரில் வந்து இறங்கினார். மாலை, சந்தனம், பின்சீட்டில் அவருடைய அக்கா. நேரே பழனிக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் மண்டிக்காரர் பேரில் முதல் பெட்ரோல் விழ வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும். ஆகவே வாதாட நேரமில்லை, போட வேண்டியதுதான்.

டேங்கு முக்கால் ஆனதும் குழாயை மூடினேன்.

“ஏனுங்க, எதுக்கு நிறுத்திப்போட்டீங்க?” என்றார் அக்கா.

“போதும்மா. வெயிலுக்கு எடம் விடணும்.”

“புது ஊட்ல பால் காச்சுனா முக்கால் பானையில நிறுத்துவீங்களா? மொதல் பெட்ரோலுங்க. ரொம்பி வழியோணும்.”

பால் பொங்கினால் வீடு பொங்கும். பெட்ரோல் வழிந்தால் மண்டி பொங்கும். இதில் எங்கே தப்பு என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. முதலாளி உள்ளேயிருந்து “அவுங்க சொல்றத செய்யிடா” என்று குரல் கொடுத்தார். சூசை அண்ணன் மட்டும் சுருட்டை வாயின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, “வேணாம்லே, நெலம் ரோட்டுப் பக்கமா சரிஞ்சிருக்கு” என்றார். நான் குழாயைத் திறந்தேன். நிறைந்தது. வழிந்தது. மட்காட்டில் இறங்கி, சக்கரத்தைச் சுற்றி, சிமென்ட் தரையில் அரைப்படிக்குக் குறையாமல் ஓடியது. மண்டிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அக்கா குலவை போடாத குறை.

வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்து நின்றது. பெட்ரோலும் அந்தப் பக்கமாகவே சாவகாசமாக நடந்தது. முன்சக்கரத்துக்கு முன்னால் அக்கா வெற்றிலை வைத்து, அதன்மேல் எலுமிச்சம்பழம் வைத்து, பழத்தின்மேல் சூடத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சு ஏத்துங்க” என்று கத்தினேன்.

“காரு இங்க நிக்குது. சூடத்த அங்க ஏத்துனா சாமி யாரைப் பாக்கும்?” என்று கேட்டுக்கொண்டே தீக்குச்சியைக் கிழித்துவிட்டார்.

நான் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “அடப் பாவி! மொத நாள் ஏத்துன சூடத்த அணைக்கறயே! அது தானாக் குளிரோணும்!” மண்டிக்காரரும் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். ஆகவே மூன்று பேருமாக, நடுவில் வாளியோடு, சூடம் குளிர்வதற்காகக் காத்து நின்றோம். இதை நான் இங்கே வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு அணைப்பதற்கு எனக்கே கை கூசியது என்பதுதான் நிஜம்.

பெட்ரோலுக்குக் காத்திருக்கும் வழக்கமில்லை. ஒரு நீலக் கோடு தரையில் ஓடியது. அடுத்த மூச்சில் பின்சக்கரமும் மட்காடும் மாலையும் ஒன்றாக எரிந்தன. கையை உதறிக்கொண்டு வாளியைக் கவிழ்த்தேன். வருடக்கணக்கான வெற்றிலை எச்சிலில் இறுகிப்போன மணல், குழாய்ப்புட்டு மாதிரி ஒரே கட்டியாக வந்து விழுந்து, உடையாமல் நின்றது.

அணைத்தது சூசை அண்ணன்தான். முதலில் பம்பின் வால்வை மூடினார். தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்து சக்கரத்தின்மேல் போட்டு வெறும் கையால் அமுக்கினார். டேங்கு வாயை ஒரு சாக்கால் அடைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயிற்று. வண்டிக்கு ஒரு டயரும் பின்பக்கப் பெயின்ட்டும் போயின. அண்ணனுக்கு வலது உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. அப்போதும் சுருட்டு வாயிலேயே இருந்தது, ஈரமாக, பற்றவைக்காமல்.

4

மறுநாள் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். காரணம் எழுத ஒரு தாள் வைத்திருந்தார்.

மண்டிக்காரர் கைகூப்பிச் சொன்னார்: “பழனியாண்டவனுக்கு ஏத்துன சூடத்தால தீப்புடிக்குமாங்க?”

அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூட ‘பிடிக்கும்’ என்று சொல்லவில்லை. முதலாளி சொல்லவில்லை. விசாரிக்க வந்தவரும் மேலே கேட்கவில்லை, அவர் நெற்றியிலும் விபூதி இருந்தது. தீ பிடித்தது உண்மை. சாமி நெருப்பு வைத்திருக்க முடியாது. அப்படியானால் வேறு நெருப்பு வேண்டும். அக்கா அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். “அந்த ஆளு வாயில சுருட்டு இருந்துச்சுங்க.”

“அது பத்த வைக்கலம்மா” என்றார் சூசை அண்ணன்.

“பின்ன கை எப்படி வெந்துச்சு?” என்று கேட்டார் வந்தவர்.

முதலாளி என்னைத் தனியாக அழைத்துப்போனார். “ஏலே செல்லையா, நீ பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேல்ல? போலீசுல விசாரிக்க வருவாக. பங்குல தீ வச்சவன், கேசு இருக்குன்னு நான் சொல்ற மாதிரி ஆயிரக்கூடாது. கொழாய் புடிச்சவன் நீ, வழிய விட்டவன் நீ. யாராச்சும் ஒருத்தன் பேரு எழுதித்தான் ஆகணும். சூசை எங்கயும் போகப்போறதில்ல. யோசிச்சுக்க அப்பு.”

நான் யோசிக்கவே இல்லை. நேரே வந்து, ‘சூசை வாயில் இருந்த சுருட்டிலிருந்து பொறி விழுந்ததை நான் பார்த்தேன்’ என்று எழுதி, கீழே என் பேரை அழகாக எழுதினேன். அண்ணன் கட்டுப் போட்ட கையோடு எதிரே நின்றார். என்னைத் திட்டவில்லை. “சரி அப்பு” என்றார். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. நாலு மாதத்தில் நான் கப்பலேறிவிட்டேன். அந்த நாலு மாதமும் அவர் குடியிருந்த தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

இங்கே வந்த பிறகு அந்தக் கதையை யாராவது கேட்டால் சுருட்டு என்றே சொல்லி வந்தேன். புஷ்பத்திடமும் அப்படித்தான்.

5

அன்று சமையலறையில்தான் முதல் முறையாக நிஜத்தைச் சொன்னேன். புஷ்பம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்கிட்டயுமா? அந்த அண்ணன் நம்ம கல்யாணத்துல பந்தி பரிமாறுனாரேங்க.”

செல்வி பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்: “நீ பொய் சொன்னியா?” பிறகு, “அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு?”

“தெரியாது” என்றேன். அதுதான் எனக்கு அதிகம் வெட்கமாக இருந்தது. இவளுக்குத் தமிழ் போய்விட்டது, மரியாதை போய்விட்டது என்று பத்து பேரிடம் புலம்புகிறேன். அவரைப் பற்றி விசாரிக்கத் தோன்றியது அவளுக்குத்தான்.

‘உண்டு’ என்று எழுதச் சொன்னேன். காரணம் என்ற இடத்தில் ‘சூடம்’. அதற்கு இங்கிலீஷ் என்ன என்று அகராதியில் தேடி எழுதினாள்.

மூன்றாம் வாரம் நகரசபையின் பெட்ரோல் அதிகாரி பங்குக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் போன்ற முகம். பாரத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “சூடம் என்பது துணி அலமாரியில் பூச்சி வராமல் வைப்பதல்லவா? அதை ஏன் ஒரு காருக்கு முன்னால் கொளுத்தினார்கள்?”

பழனியாண்டவரிலிருந்து ஆரம்பித்தேன். ராகுகாலம், பால் பொங்குதல், எலுமிச்சம்பழம், தானாகக் குளிர வேண்டிய சூடம் எல்லாவற்றையும் என் இங்கிலீஷில் அவருக்கு விளக்கினேன். அரைமணி நேரம் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். எச்சில் மணலுக்கு வந்தபோது மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டார், சிரித்தாரோ என்னவோ.

“நிலம் சரிந்திருப்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லையா?”

“ஒருவர் சொன்னார். நான் கேட்கவில்லை.”

“விசாரணையில் காரணம் என்ன என்று எழுதினார்கள்?”

“அதே ஆளின் சுருட்டு. அது எரியவில்லை என்று அவர் சொன்னார்.”

“யாரை நம்பினார்கள்?”

“என்னை.”

அவர் பாரத்தை மடித்து வைத்தார். எழுந்து போய் என் மணல் வாளியில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். மணல் உலர்ந்து, பொலபொலவென்று இருந்தது. கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவே நான் சூசை அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீட்டு எண் தெரியாததால் அவர் குடியிருந்த மாதா கோயில் தெரு, திண்டுக்கல் என்று மட்டும் போட்டேன்.

லைசென்ஸ் ஒன்றரை மாதத்தில் வந்துவிட்டது. எல்லா பங்குகளுக்கும் உள்ள நிபந்தனைகளுக்குக் கீழே, எனக்கென்று தனியாக ஒரு வரி தட்டச்சு செய்திருந்தார்கள்: சமயச் சடங்குகளுக்கானது உட்பட எந்தத் திறந்த நெருப்பும் வளாகத்தில் கூடாது. செல்வி அதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். முதலாளி ஆகிவிட்டேன் அல்லவா? ஆனால் தபால்காரர் வரும்போதெல்லாம் திண்டுக்கல் முத்திரையைத் தேடினேன்.

6

போன வாரம் பதில் வந்தது. சூசை அண்ணன் பேசுவதை அப்படியே யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

‘ஏலே செல்லையா, நல்லாருக்கியா? நான் நல்லாருக்கேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுறேன். கையி மடங்காது, ஆனா ஒட்டுறதுக்குப் போதும். உன் கடுதாசி கெடச்சுது. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாலே, சுருட்டுல நெருப்பு இல்லங்கிறது? வாயி என்னோடதுதானே.

உம்மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. ஒரு ரெண்டு வருசம் நல்லா இருந்துச்சு. அப்பறம் பொழப்பப் பாக்கணும்ல. ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் தீரல. உங்க மதினிய சொல்றேன். அன்னிக்கே மாதா மேல சத்தியம் வாங்கிட்டா, இனிமே சுருட்டத் தொடக்கூடாதுன்னு. பத்து வருசமாச்சு. நான் பத்த வைக்கலடின்னு எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். நம்ப மாட்டேங்குறா. என்ன சொல்றா தெரியுமா? செல்லையா தம்பி கையெழுத்துப் போட்டிருக்கு, அது பொய் சொல்லாது, ஒங்களத்தான் நம்ப முடியாதுங்குறா.

உன் கடுதாசிய வாசிச்சுக் காட்டுனேன். நான் யாரையோ வச்சு எழுதுனதுன்னு சொல்லிட்டா. அவ அச்சுல வந்தாத்தான் நம்புவா. நீ சீமையில இருந்து ஒரு பத்திரிகையில எழுதுறியாமே, அது இங்க எங்க தெருவுக்கு வருது, அவ வாசிக்கிறா. அதுல போடு.’

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை புஷ்பம் பக்கத்தில் இருந்தும் அழுதுவிட்டேன். அவர் வேலை போனதைவிட, கை போனதைவிட, வீட்டுக்குள்ளேயே அவர் சொல் செல்லாமல் போனது என்னை அடித்துப் போட்டது. அவர் வீட்டில் இந்தப் பத்து வருடமும் நல்ல பிள்ளையாக இருந்தவன் நான்.

ஆகவே ஊரில் இதைப் படிக்கிற மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் குறிப்பு ஒரே ஒருவருக்காக எழுதியது.

ஞானம்மா மதினிக்கு, செல்லையா எழுதுவது. தீப்பிடித்தது சூடத்தால். பெட்ரோலை வழியவிட்டவன் நான். அண்ணன் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. தீயை அணைத்தவர் அவர். அதில்தான் அவர் கை வெந்தது. அவர் சுருட்டில் நெருப்பு இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும். பாஸ்போர்ட்டுக்குப் பயந்து பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் உங்களிடம் சொன்னதெல்லாம் நிஜம். மதினி, பத்து வருடமாக நீங்கள் நம்பியது தப்பான ஆளை.